மீன மாதம் கல்யாணம், துலா மாதம் நான்

1

என் மகள் வினீதாவுக்குப் பள்ளிக்கூடத்தில் குடும்ப மரம் வரைந்துவரச் சொன்னார்கள். ஊரில் இருக்கிறவர்களுக்கு இது என்னவென்று சொல்லிவிடுகிறேன். பெரிய அட்டை ஒன்றின் அடியில் பிள்ளையின் பெயர், அதற்கு மேலே அப்பா அம்மா, அதற்கும் மேலே அவர்களைப் பெற்றவர்கள் என்று பெட்டி பெட்டியாகப் போட்டு, ஒவ்வொன்றிலும் பிறந்த தேதி, கல்யாணத் தேதி எல்லாம் எழுத வேண்டும். நம் பக்கத்தில் மரம் என்றால் ரப்பரும் தென்னையும்தான். ரப்பரை வெட்டினால் பால் வரும் என்று தெரியும். இந்த மரத்தில் கத்தி வைத்தால் என்ன வருமோ என்று எனக்கு அன்றைக்கே பதைப்பாக இருந்தது.

நான் கேரளத்தின் தென்கோடியில் பாறசாலைக்கும் அமரவிளைக்கும் இடையில் பிறந்தவன். மனைவி தங்கம் திருப்புறத்துக்காரி, பிரசவ வார்டில் நர்ஸ். அவளுக்கு வேலை கிடைத்துத்தான் நாங்கள் கனடாவுக்கு வந்தோம். ஊருக்குப் போனால் என்னை இன்றைக்கும் ‘நர்சுக்க கெட்டியவன்’ என்றுதான் அறிமுகப்படுத்துவார்கள், அதில் பொய்யில்லை. டொராண்டோவுக்கு வெளியே ஒரு சின்ன ஊரில் இருக்கிறோம். பள்ளிப் பேருந்துகளுக்குப் பாதை போட்டுக் கொடுக்கிற ஆபீஸில் எனக்கு வேலை. எந்தப் பிள்ளையை எந்த முக்கில் எத்தனை மணிக்கு ஏற்றுவது என்று நாள் முழுக்க வரைபடத்தோடு மல்லுக்கட்டுவேன். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். என் பிள்ளை தானேதான் வளர்ந்தாள், ஆங்கிலத்தில்.

பதினைந்து வயதாகிவிட்டதால் கதவைச் சாத்திக்கொள்வாள். காதில் எதையோ மாட்டிக்கொள்வாள். கேட்டதற்கு ‘ம்’ என்பாள். அவள் தானாக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஒரு கேள்வி கேட்டால் அது எங்கள் வீட்டில் திருவிழா. அப்படித்தான் அந்த அட்டையோடு வந்து உட்கார்ந்தாள்.

“டாட், பாட்டா பேரு வேலாயுதன். உங்க இனிஷியல் ஏன் கே?”

பாட்டா என்றால் என் அப்பா. கே என்றால் குமரேசன், என் அம்மையின் அண்ணன். மாமாவின் பெயரை யாராவது இனிஷியலாகப் போட்டுக்கொள்வார்களா என்று கேட்டாள். எங்கள் குடும்பங்களில் ஒரு காலத்தில் மருமக்கத்தாயம் இருந்தது, பிள்ளைகள் அம்மை வீட்டுக் கணக்கு, மாமாதான் ரட்சகர், அதாவது கார்டியன், என்று விளக்கினேன். சட்டம் எப்போதோ மாறிவிட்டது, பழக்கம் மட்டும் போகாமல் கொஞ்சகாலம் கிடந்தது என்றும் சொன்னேன். “கூல்” என்று எழுதிக்கொண்டாள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அத்தோடு விட்டிருக்கலாம்.

2

அந்தச் சமயத்தில்தான் நான் அப்பாவை நிரந்தரமாக இங்கே அழைத்துக்கொள்ள மனு போட்டிருந்தேன். அம்மை போய் மூன்று வருஷமாகியிருந்தது. நான் ஒரே பிள்ளை. எழுபத்தாறு வயதில் அவர் தனியாகக் கஞ்சி வைத்துக் குடித்துக்கொண்டிருந்தார். அதற்கு முந்தைய கர்க்கடக மாத மழையில் கிணற்றடியில் வழுக்கி விழுந்து, இரண்டு மாதம் கழித்துத்தான் எனக்குச் சொன்னார். அதுவும் பூவன்வாழை குலை தள்ளியதைச் சொல்லிவிட்டு நடுவில் ஒரு வரியாக.

காகிதங்கள் கேட்டார்கள், அனுப்பினேன். பிறப்புச் சான்றிதழ் என்னிடம் இல்லை. எங்கள் வீட்டில் யாரும் பிறந்ததைப் போய்ப் பதிந்தவர்கள் இல்லை. எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம்தான் இருந்தது. அதில் ரட்சகர் என்ற இடத்தில் குமரேசன் என்று மணிமணியான கையெழுத்தில் இருக்கிறது. என் பாஸ்போர்ட்டில் கே. மனுவில் அப்பா பெயர் வேலாயுதன். டெல்லியில் கனடா தூதரகத்தில் உட்கார்ந்திருந்த அதிகாரியைக் குறை சொல்ல மாட்டேன். மருமக்கத்தாயத்தை என் மகளுக்கே அரை மணிநேரம் விளக்க வேண்டியிருந்தது. இரண்டு பக்கம் விளக்கம் எழுதினேன். ஒரு பக்கக் கடிதம் திரும்பி வந்தது. உறவு ஐயமின்றி நிறுவப்படவில்லையாம். மனுதாரரும் தந்தை என்று சொல்லப்படுபவரும் விரும்பினால் ரத்தம் கொடுத்து மரபணுப் பரிசோதனை செய்துகொள்ளலாமாம். கட்டாயமில்லையாம்.

‘தந்தை என்று சொல்லப்படுபவர்’ என்ற சொல்லை அன்றைக்குப் பலமுறை படித்தேன். எனக்குக் கோபம் வந்தது. பிறகு பயம் வந்தது.

பள்ளிக்கூடத்தில் சேர்த்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. குளிப்பாட்டி, சந்தனம் தொட்டு, சட்டைப் பித்தான் போட்டுவிட்டதெல்லாம் அப்பா. முக்கு வரைக்கும் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். அங்கே மாமா நின்றிருந்தார். என் கையை மாமா கையில் கொடுத்துவிட்டு அப்பா நெய்யாற்றின்கரைக்கு பஸ் ஏறப் போய்விட்டார். அங்கே சார்பதிவு ஆபீஸ் பக்கத்தில் அவர் பத்திரம் எழுதுகிறவர். ஒரு நாள், ஒரே ஒரு நாள், அந்தப் பத்திரத்தை மத்தியானத்துக்கு மேல் எழுதியிருக்கக்கூடாதா என்று எனக்கு மனத்தாங்கல் இருந்தது. மற்றப் பிள்ளைகள் அப்பாவோடு வந்திருந்தார்கள். பழக்கம் அதற்குள் அவ்வளவுக்கு மாறியிருந்தது.

3

வினீதா விடவில்லை. கல்யாணத் தேதி கேட்டாள். எங்கள் பக்கம் கொல்லம் ஆண்டுக் கணக்கு. ஆயிரத்து நூற்றை விழுங்கிவிட்டுக் கடைசி எண்ணை மட்டும் சொல்வார்கள். அம்மைக்கும் அப்பாவுக்கும் இருபத்தைந்தாம் ஆண்டு மீன மாதம், பங்குனியில், கல்யாணம். நான் பிறந்தது இருபத்தாறாம் ஆண்டு துலா மாதம், ஐப்பசியில். கேட்கிறவர்களுக்குக் கல்யாணமான மறுவருஷம் பிள்ளை, சரியாகத்தானே இருக்கிறது? நானும் பல வருஷம் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் கொல்லம் ஆண்டு பிறப்பது சிங்கத்தில், அதாவது ஆவணியில். மீனத்துக்கும் துலாத்துக்கும் நடுவில் சிங்கம் புகுந்து வருஷ எண்ணை ஒன்று கூட்டிவிட்டுப் போய்விடும். என் மகள் ஆங்கில மாதங்களுக்கு மாற்றி விரல்விட்டு எண்ணினாள்.

“டாட், ஏழு மாசம்தான் வருது.”

“நான் ஏழாம் மாசத்துப் பிள்ளை.”

“ஊர்ல, வீட்டுல, இன்குபேட்டர் இல்லாமலா?”

பிரசவ வார்டு நர்ஸின் மகளிடம் இந்தக் கதை செல்லாது. அடுக்களையில் நின்ற தங்கம் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் பாத்திரம் கழுவுவது நின்றுவிட்டது. வினீதா என் முகத்தைப் பார்த்தாள். பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, “ஓகே” என்று அட்டையைச் சுருட்டிக்கொண்டு மாடிக்குப் போனாள். அந்த ‘ஓகே’யில் இருந்த பெரிய மனுஷத்தனத்தை நான் எதிர்பார்க்கவில்லை.

ஏழாம் மாதக் கதை பொய் என்று எனக்குத் தெரியும். பத்தொன்பது வயதில் ஒரு கல்யாண அடியந்திரத்தில், பந்தலுக்குப் பின்னால் காய் நறுக்கிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் நான் நிற்பது தெரியாமல் பேசியதைக் கேட்டேன்.

“வேலாயுதனுக்க பயலப் பாத்தியா? நெத்தி அப்படியே வெள்ளறடைக்காரனாக்கும்.”

“மெதுவா சொல்லு. ஏழாம் மாசத்துப் பிள்ள அவ்வளவு பெரிசாட்டா பிறக்கும்?”

அம்மையை முதலில் வெள்ளறடையில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அப்போது அவளுக்குப் பதிமூன்று வயது. அந்தக் காலத்தில் அதை யாரும் ஒரு சேதியாகச் சொல்லமாட்டார்கள். நான்கு வருஷம் கழித்து அந்த வீட்டுக்கும் குமரேசன் மாமாவுக்கும் ஒரு மரச்சீனிப் பறம்பின், மரவள்ளித் தோட்டத்தின், எல்லையில் சண்டை வந்தது. மாமா நேரே போய்த் தங்கையின் கையைப் பிடித்துக் கூட்டிவந்துவிட்டார். தங்கையைக் கொடுக்கவும் திரும்ப எடுக்கவும் தனக்கு அதிகாரம் உண்டு என்று நினைக்கிற தலைமுறை அது. அவளை யாரும் கேட்கவில்லை. அந்த எல்லைத் தகராறுக்குச் சமாதானப் பத்திரம் எழுத வந்தவர்தான் வேலாயுதன், முப்பது வயது, கல்யாணமாகாதவர். அந்த மாதமே அம்மைக்குப் புடவை கொடுத்து, எங்கள் பக்கத்தில் அதுதான் கல்யாணம், கூட்டிப்போனார்.

இவ்வளவையும் நான் துண்டு துண்டாகப் பல வருஷங்களில் சேர்த்தேன். தங்கத்துக்கு மட்டும் சொன்னேன். அப்பாவிடம் மூச்சுவிட்டதில்லை. அவரும் விட்டதில்லை. என் பயம் ஒன்றே ஒன்றுதான். நான் யார் மகன் என்று தெரிந்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. எனக்குக் காய்ச்சல் வந்தபோதெல்லாம் கண்விழித்தவர் யார் என்று தெரியும். ஆனால் அவருக்குத் தெரியாது என்றால்? ஒருவேளை ஏழாம் மாதக் கதையை அவர் முழுசாக நம்பியிருந்தால்? இந்த வயதில் அவருக்கு அதை ஓர் ஆய்வுக்கூடம் அச்சடித்து அனுப்ப நான் காரணமாகிவிடுவேனே. அவரைக் கூட்டிக்கொண்டு வரப் போய், அவரை இழந்துவிடுவேனோ?

4

ஞாயிற்றுக்கிழமை காலை இங்கே எட்டு மணி என்றால் ஊரில் மாலை ஆறரை. அப்பா சந்திப்பில் இருக்கிற டெலிபோன் பூத்துக்கு வந்து உட்கார்ந்திருப்பார், நான் அந்த எண்ணுக்குக் கூப்பிடுவேன். அந்த ஞாயிற்றுக்கிழமை பரிசோதனை பற்றி ஒன்றும் சொல்லக்கூடாது, ‘மனு தாமதமாகும்’ என்று மட்டும் சொல்ல வேண்டும் என்று காகிதத்தில் எழுதியே வைத்திருந்தேன்.

“எலே, சொகந்தானா? தங்கத்துக்குச் சொகமா? குட்டி?”

“எல்லாரும் சொகம்பா. மனுவுக்குக் கொஞ்சம் நாளாகும்போல...”

“டெல்லியிலேந்து எனக்கும் ஒரு கடுதாசி வந்துது. இங்கிலீசாக்கும். யாருக்கிட்டயும் காட்டல்ல. நானே டிக்சனரி வச்சு மூணு நாளு இருந்து வாசிச்சேன். ரெத்தம் வேணுமாம்.”

“அது சும்மா ஒரு வழக்கத்துக்குக் கேக்கியதுப்பா. நீங்க அத விட்டுடுங்க.”

“நீ எனக்கிட்ட கள்ளம் சொல்லாத மக்கா. உனக்குத் தெரியும். உனக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும்.”

பூத்துக்காரன் டி.வி.யின் சத்தத்தைக் கூட்டுவது கேட்டது. நல்ல மனுஷன், வேண்டுமென்றேதான் செய்திருப்பான். அப்பா குரலைத் தாழ்த்தாமல் பேசினார்.

“உனக்க அம்ம கள்ளி இல்ல. புடவ குடுக்கதுக்கு முந்தின நாளு அவளே எனக்கிட்ட வந்து சொன்னா. ‘வயித்துல ஒண்ணு உண்டு. அண்ணனுக்குத் தெரியாது. வேண்டாம்னா இப்பமே சொல்லிடணும்’ன்னா. ‘ஒண்ணுதானே, ரெண்டொண்ணும் இல்லியே’ன்னு நான் கேட்டேன். அழுதுட்டு நின்னவ சிரிச்சுட்டா. நாப்பத்தி மூணு வருசம் அந்தச் சிரிப்புலதான் ஓடிச்சு.”

ஆறு வயதில் கேட்க நினைத்ததை நாற்பத்தாறாவது வயதில் கேட்டேன்.

“பின்ன எதுக்குப்பா பள்ளிக்கூடத்துக்கு என்னை மாமாகூட அனுப்பினீங்க?”

“எலே, நான் அடுத்தவனுக்குப் பத்திரம் எழுதுறவனாக்கும். ஒரு வரி பொய் எழுதினா கை விளங்காதுன்னு பயந்து எழுதினவன். பள்ளிக்கூடத்து சாரு அப்பன் பேரு கேட்டா என்ன எழுத? பொய்யும் எழுதப்பிடாது, உள்ளதும் எழுதப்பிடாது. மாமன் போய் ஒப்புப் போட்டா ஒருத்தனும் ஒண்ணும் கேக்கமாட்டான், பண்டே உள்ள முறையாக்கும். அதான் உன்ன அவருகூட விட்டேன். நீ திரும்பித் திரும்பிப் பாத்துட்டே போன. எனக்கு நல்ல ஓர்ம உண்டு.”

அவர் அன்று பஸ்ஸில் ஏறவே இல்லையாம். பள்ளிக்கூடத்துக்கு எதிரே சாயாக்கடையில் மணியடிக்கும் வரைக்கும் உட்கார்ந்திருந்தாராம். இதையும் அன்றைக்குத்தான் சொன்னார்.

“ரெத்தம் குடுக்கதுல எனக்கு வெஷமம் இல்ல மக்கா. ஆனா ‘இல்ல’ன்னு சீலு வச்சு ஒரு பேப்பர் வந்தா, அத நான் வீட்டுல எங்க கொண்டு வைக்க? வேண்டாம். அங்க வந்து நிரந்தரமாட்டு இருக்கலேன்னா என்ன? பாக்க வாறேன். பாத்துட்டுப் போறேன்.”

5

மனுவைத் திரும்பப் பெறவும் ஒரு படிவம் இருக்கிறது. திரும்பப் பெறுவதற்கான காரணம் என்று இரண்டு வரி இடம் விட்டிருக்கிறார்கள். ‘குடும்பக் காரணம்’ என்று எழுதினேன். ஆபீஸிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டு, எந்தக் காரணம் என்று குறிப்பாகச் சொல்ல முடியுமா என்று மிகவும் அன்பாகக் கேட்டாள். அப்பாவுக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது என்றேன். அவளுக்கு அது உடனே புரிந்துவிட்டது.

பிறகு மூன்று மாத விசாவுக்கு வேறொரு படிவம். அதிலும் உறவு என்ன என்று கேட்டிருந்தது. தந்தை என்று எழுதினேன். யாரும் ரத்தம் கேட்கவில்லை. தங்குவதற்குத்தான் ரத்தம் வேண்டும், வந்துபோக வேண்டாம்போல. அடுத்த வருஷம் ஜூனில் அப்பா வந்து இறங்கினார். வேட்டி, மேலே என்னுடைய பழைய கோட்டு, கையில் பலாச்சக்கை வற்றல் பொதி.

வினீதாவோடு அவர் இரண்டே நாளில் ஒட்டிக்கொண்டார். எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். அவளுடைய தமிழ் பாதி, அவருடைய ஆங்கிலம் கால், மிச்சத்துக்கு இருவரும் சிரித்துக்கொள்வார்கள். அவளுடைய கதவு சாத்தாமல் இருந்தது. நான் வீட்டுக்குக் கொண்டுவந்த பேருந்துப் பாதைகளை அவர் கண்ணாடி போட்டுப் பார்த்து, “இந்தப் பிள்ள மட்டும் என்னத்துக்குலே இவ்வளவு தூரம் நடக்குது? பஸ்ஸ அங்கோட்டுத் திருப்பு” என்று ஒரு நிறுத்தத்தை மாற்றவைத்தார். திங்கட்கிழமை அதை மாற்றிவிட்டேன். சரியாகத்தான் சொல்லியிருந்தார்.

ஒரு சனிக்கிழமை காலை தங்கம் புட்டு அவித்திருந்தாள். எல்லோரும் மேஜையில் இருந்தோம். வினீதா மாடியிலிருந்து அந்த அட்டையைக் கொண்டுவந்து விரித்தாள். பள்ளிக்கூடத்தில் மார்க் எல்லாம் வாங்கி மாதங்களாகிவிட்டன. தூரப் போட்டிருப்பாள் என்றுதான் நினைத்திருந்தேன்.

“பாட்டா, நான் ஒண்ணு கேக்கட்டுமா? கோபம் வராதே?”

“கேளு பிள்ளே.”

“இங்க உங்க பேரு இருக்கு. பட், இன்னொரு பேரும் வேணும்ல?”

“வினீதா!” என்று நான் அதட்டினேன். அப்பா இடதுகையைத் தூக்கி என்னை நிறுத்தினார்.

“நீ மிண்டாம இரு. அவ கேட்டது செரியாக்கும்.”

எழுந்து போய்க் கை கழுவி, துடைத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

“எனக்க பேர அடிக்கப்பிடாது” என்றார் முதலில்.

“ஐயோ, நோ பாட்டா!”

“அப்போ பக்கத்துல இன்னொரு பெட்டி போடு. எழுது. செல்லப்பன். வெள்ளறடை.”

நாற்பத்தாறு வருஷத்தில் அந்தப் பெயரை எங்கள் வீட்டில் யாரும் சத்தமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. வினீதா ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டி எழுதினாள். அவரை உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டாள்.

“தெரியாம பின்ன? எல்லச் சண்டையில அவனுக்க பக்கத்தையும் கேட்டுத்தான் நான் எழுதினேன். நெடுநெடுன்னு இருப்பான். இவனுக்க நெத்தி அவனுக்குள்ளதாக்கும். பாவம், பெண்டாட்டிய இழுத்துட்டுப் போனப்பம் ஒண்ணும் பேசத் தெரியாம நின்னான். பொறவு மலையில ரெப்பர் வெட்டப் போனவன் காய்ச்சல்ல போயிட்டான். இப்படியொரு பய தனக்கு உண்டுன்னு அவனுக்குத் தெரியாது.”

அந்தப் புதுப் பெட்டியின்மேல் விரலை வைத்தார். பிறகு எங்கள் யாரையும் பார்க்காமல் சொன்னார்.

“சொல்லணும்னு ரெண்டு தடவ வெள்ளறடை பஸ்ஸில ஏறினேன். ரெண்டு தடவையும் பாதி வழியில எறங்கித் திரும்பி வந்துட்டேன். அது எனக்க தெற்றாக்கும், எனக்க தப்பு. அதையும் வேணும்னா எழுதிக்க.”

“ஏன் பாட்டா எறங்கினீங்க?”

“அவன் வந்து பயலக் கேட்டா, நான் என்ன செய்ய மக்கா?”

அதைச் சொல்லும்போது பக்கத்தில் இருந்த என் கையை மேஜைமேல் அழுத்திப் பிடித்துக்கொண்டார். தலை நரைத்த என்னை இப்போதும் யாரோ வந்து கேட்டுவிடுவார்கள் என்பதுபோல, சாப்பிட்ட தட்டுகளைத் தங்கம் எடுத்துப்போன பிறகும் அவர் விடவில்லை.